பதினொரு பேருக்குக் கப்பலில் அறை

"ஏம்மா, பதினோரு பேருக்கும் ஒரே ரூம்பு கெடைக்காதா?"

கப்பற் பயணத்துக்குப் பெயர் கொடுக்க நாங்கள் உட்கார்ந்த அன்று என் தாயார் கேட்ட முதல் கேள்வி இதுதான். மேசையைச் சுற்றியிருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முன்பு, இதே போன்ற ஒரு பயணத்தில், நடு இரவில் அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த காட்சி என் கண்முன் வந்து நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போதெல்லாம் நம்மவர்கள் கப்பலேறுவது அதிசயமான காரியமில்லை. சிகாமட், லாபிஸ், பத்து அன்னாம், ஜெமந்தா என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும், சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளை ஒன்றாவது அங்கே இருக்கும். அந்தப் பிள்ளை தாய் தகப்பனுக்கு ஆசையாகச் செய்யும் காரியங்களில் மூன்று நாள், நான்கு நாள் கப்பற் சுற்றுலாவும் ஒன்றாகிவிட்டது. கணவன் மனைவி இருவர் போவதென்றால் அதில் யோசிக்க எதுவுமில்லை. ஹோட்டலில் அறை எடுப்பது போலத்தான். ஆனால் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று கூட்டுக் குடும்பமாகக் கிளம்பும்போது சமாசாரமே வேறு. எங்கள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் பலர் என்னிடம் வந்து இதைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாமே என்று தோன்றியது.

பாய் விரித்த இடமே அறை

அம்மா அறிந்த கப்பல் "ரஜூலா". நம் பெரியவர்களில் அந்தப் பெயரைக் கேட்டுக் கண் கலங்காதவர்கள் குறைவு. 1926-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியாரால் ஓட்டப்பட்டு வந்த கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை போய் வந்துகொண்டிருந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய போர்ட் கிள்ளான்தான். கட்டிய காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட மேல்தட்டுப் பிரயாணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. எட்டாயிரத்துச் சொச்சம் டன் கப்பலுக்கு அத்தனை பேர்! இன்று அதைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் பெரிய கப்பல்கள் பலவற்றிலும் அவ்வளவு பேரை ஏற்றுவதில்லை.

1962-ல் அம்மாவுக்கு ஒன்பது வயது. தாத்தா, பாட்டி, பிள்ளைகள் ஏழு பேர், ஆக ஒன்பது உருப்படிகள். சிகாமட் ரயிலடியில் ஏறி, சிங்கப்பூர் தஞ்சோங் பாகார் ஸ்டேஷனில் இறங்கி, ரஜூலாவில் ஏறினார்களாம். அறையாவது கதவாவது! தட்டில் ஓர் இடம் பார்த்துப் பாயை விரித்து, நான்கு மூலையிலும் தகரப் பெட்டி, படுக்கைக் கட்டு, அண்டா, கூஜா என்று வைத்துவிட்டால் அதுதான் குடும்பத்தின் எல்லை. பக்கத்துப் பாய் பூலோ காசாப் குடும்பம், அடுத்த பாய் குளுவாங் குடும்பம். கப்பல் ஆடினால் எல்லாருக்கும் ஒன்றாக வாந்தி, ஆட்டம் நின்றால் எல்லாருக்கும் ஒன்றாகப் பசி. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் வராது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்க, பிரயாணிகள் படகில் இறங்கிக் கரை சேர வேண்டும். பாட்டி ஏழு பிள்ளைகளையும் ஒரே படகில்தான் ஏற்றுவேன் என்று பிடிவாதம் பிடித்து நின்றதை அம்மா இன்றும் நடித்துக் காட்டுவார்.

ரஜூலாவுக்குப் பின் அந்த வழியில் பேரெடுத்தது "சிதம்பரம்". 1966-ல் பிரெஞ்சுக்காரர்கள் "பாஸ்டர்" என்ற பெயரில் ஓட்டிய சொகுசுக் கப்பல் அது. இந்தியக் கப்பற் கழகம் அதை வாங்கிப் பெயர் மாற்றி நம் பக்கம் விட்டது. 1985 பிப்ரவரி 12-ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் அதில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அதோடு அந்தக் கப்பற் போக்குவரத்தும் முடிந்தது. பிறகு நமக்கு ஆகாய விமானம்தான். என் வயதையொட்டியவர்களில் பெரும்பாலோர் கப்பலைப் படத்தில் பார்த்து வளர்ந்தவர்கள். ஆகவே கப்பலில் குடும்பத்தை எப்படி அமர்த்துவது என்ற அறிவு பாட்டியோடு போய்விட்டது. எங்களுக்கு அது கிடைக்க ஒரு பயணம் வீணாக வேண்டியிருந்தது.

மாடிப்படியில் ஓர் இரவு

2023 டிசம்பர் பள்ளி விடுமுறை. அப்பா காலமாகி ஒரு வருஷம் கழிந்திருந்தது. கிள்ளானில் இருக்கும் என் அண்ணன், "அம்மாவ எங்கயாச்சும் கூட்டிப் போவோம், எல்லாரும் சேந்து போவோம்" என்றார். அவர், அண்ணி, மகன் என மூவர். நானும் என் கணவரும் இரண்டு பிள்ளைகளும் என நால்வர். சிகாமட் பட்டணத்தில் இருக்கும் தம்பியும் அவன் மனைவியும் இருவர். அம்மாவோடு பத்துப் பேர். சிங்கப்பூரில் ஏறி, மூன்று இரவு கழித்துச் சிங்கப்பூரிலேயே இறங்குவது.

எங்கள் கணக்கு மிகச் சுலபமாக இருந்தது. குடும்பத்துக்கு ஓர் அறை, அம்மாவுக்கு மரியாதையாகத் தனி அறை. ஏஜண்டு ஒருவர் மூலமாக மலிவாகக் கிடைத்த சீட்டை வாங்கினோம். அந்தச் சீட்டில் ஒரு சூட்சுமம் இருந்தது. எந்த வகை அறை என்பது மட்டும் நிச்சயம். எந்த நம்பர், எந்த மாடி என்பதைக் கப்பல்காரர்களே கடைசியில் ஒதுக்குவார்கள். விலை குறைவதற்குக் காரணமே அதுதான். இருவர் மட்டும் போகிறவர்களுக்கு அது நல்ல பேரம். பத்துப் பேருக்கு அது வினை. நான்கு அறையும் நான்கு திசையில் விழுந்தன. எங்களுடையது எட்டாவது மாடியில் பின்பக்கம். அம்மாவுடையது ஒன்பதாவது மாடியில் முன்பக்கம். இன்றைய கப்பல்கள் முந்நூறு மீட்டருக்கு மேல் நீளம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கால்பந்துத் திடல்களை வரிசையாகப் போட்டது போல.

முதல் இரவு இரண்டு மணிக்கு மேல் அம்மாவுக்கு மூச்சு முட்டுவது போலிருந்திருக்கிறது. சன்னல் இல்லாத உள்ளறை. விளக்கை அணைத்தால் கையை நீட்டினால் கை தெரியாத இருட்டு. எங்களிடம் வரலாம் என்று கதவைத் திறந்து வெளியே வந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. திறக்கும் அட்டை உள்ளே. இருபக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மாதிரிக் கதவுகள். தன் அறை நம்பரும் நினைவில்லை, எங்கள் நம்பரும் தெரியாது. நடந்து நடந்து முழங்கால் வலி எடுத்து, மின்தூக்கிக்குப் பக்கத்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். துப்புரவுப் பணியாளர் ஒருவர் பார்த்து முகப்பு மேசைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே அம்மா தன் பெயரைச் சொல்ல, அந்தப் பெயரில் யாருமே இல்லை என்றார்களாம்! பிரயாணிகள் பட்டியலில் என் தாத்தாவின் பெயர்தான் முதலில் இருந்தது. அதைக் கண்டுபிடித்து எங்களை எழுப்ப இருபது நிமிஷம் ஆயிற்று.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அம்மா அழவில்லை. "அந்தக் கப்பல்ல ஒன்பது பேரும் ஒரே பாயில கெடந்தோம், யாரும் தொலையல" என்றார். அண்ணன் தலைகுனிந்து நின்றார். தனி அறை கொடுத்தது அவருடைய ஆசை. அதற்கு இருவர் கட்டணமும் கட்டியிருந்தார். மீதி இரண்டு இரவும் அம்மா எங்கள் அறையில், என் மகளின் படுக்கையில் நெருக்கிப் படுத்தார். நியாயமாகப் பார்த்தால் அது விதிமீறல். ஏன் விதிமீறல் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

தலைக்கணக்கு

நான்கு பேர் அறையில் ஐந்தாவதாக ஒருவர் ஒண்டிக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். லயத்து வீட்டில் கல்யாணக் காலத்தில் இருபது பேர் படுத்தவர்கள் அல்லவா நாம்! ஆனால் கப்பலில் அறைக்கு இத்தனை பேர் என்பது படுக்கையைப் பொறுத்தது மட்டுமில்லை. உயிர்காக்கும் படகைப் பொறுத்தது. 1912-ல் "டைட்டானிக்" மூழ்கியபோது அதில் 2,200-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். படகுகளிலோ 1,178 பேருக்குத்தான் இடம். அந்தத் துயரத்துக்குப் பின் 1914-ல் லண்டனில் நாடுகள் கூடிக் கடற் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. அது பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஒவ்வோர் அறைக்கும், ஆபத்து வந்தால் கூட வேண்டிய இடம் ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த இடத்துக்கு இத்தனை தலை என்று வரம்பு உண்டு. கைக்குழந்தையும் ஒரு தலைதான். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது. இதனால் ஒரு வினோதம் நடக்கும். நான்கு படுக்கை உள்ள அறை காலியாகவே இருக்கும். ஆனாலும் அந்தப் பகுதியின் தலைக்கணக்கு நிறைந்துவிட்டதென்றால் இருவருக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். அதனால் மூவர், நால்வர் தங்கும் அறைகள்தான் முதலில் தீர்ந்துபோகும். கடைசி நேரத்தில் விலை குறையும் என்று காத்திருப்பது இருவருக்குச் சரிப்படும். பெரிய குடும்பத்துக்குச் சரிப்படாது. இரண்டாம் முறை நாங்கள் எட்டு மாதங்களுக்கு முன்பே முன்பணம் கட்டினோம்.

கப்பலேறியதும் ஒத்திகை ஒன்று நடத்துவார்கள். இத்தாலியக் கரையோரம் 2012 ஜனவரி 13-ஆம் தேதி "கோஸ்டா கொன்கோர்டியா" கவிழ்ந்தபோது, அன்று புதிதாக ஏறியவர்களுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும் என்று 2015 முதல் விதி வந்தது. நம்மவர்கள் இதைத் தட்டிக் கழித்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். குடும்பம் பல அறைகளில் பிரிந்திருந்தால் கூடும் இடமும் வெவ்வேறாக இருக்கலாம். ஆபத்து நேரத்தில் பிள்ளை எந்த இடத்துக்குப் போகும், பாட்டியை யார் அழைத்துப் போவார் என்பதை அந்த ஒத்திகையில்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கம் பக்கமாக அறை எடுப்பதில் இருக்கும் பெரிய லாபம் இதுதான். அரட்டை அடிக்கும் வசதி அதற்குப் பின்னால்.

யாரோடு யார்?

2024-ல் தம்பிக்கு மகன் பிறந்தான். 2025-ஆம் ஆண்டு நடுப் பள்ளி விடுமுறைக்கு மறுபடியும் போவதென்று முடிவானபோது நாங்கள் பதினொரு பேர். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டுக் கணக்குப் பார்த்தேன். வாசகர்களுக்குப் புரிவதற்காக, கையில் எடுக்கச் சுலபமான தொகையாக வைத்துச் சொல்கிறேன். ஓர் அறையில் முதல் இருவருக்கும் தலைக்கு 1,000 வெள்ளி, மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் தலைக்கு 500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தனியாக ஒருவர் தங்கினால் பெரும்பாலும் இருவர் கட்டணத்தைக் கட்ட வேண்டும், அதாவது 2,000 வெள்ளி.

பழையபடி அம்மாவுக்குத் தனி அறை, மற்ற மூன்று குடும்பத்துக்கும் ஒவ்வோர் அறை என்றால் 10,000 வெள்ளி. அம்மாவை அண்ணன் குடும்பத்தோடு சேர்த்து மூன்றே அறையில் அடக்கினால் 8,500 வெள்ளி. அண்ணனுக்கு இது பிடித்திருந்தது. ஆனால் சாதாரண அறை பதினைந்து சதுர மீட்டர் அளவில்தான் இருக்கும். மூன்றாவது, நான்காவது படுக்கை கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இரவில் இறக்கப்படும், அல்லது சோபாவே படுக்கையாகும். நான்கு பேருக்கும் ஒரே குளியலறை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து குளித்துச் சாமி கும்பிடும் அம்மாவும், பகல் பத்து மணி வரை தூங்கும் பதினேழு வயதுப் பேரனும் ஒரே அறையில் என்றால் யாருக்கு நிம்மதி? அண்ணி வாய் திறக்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த யாருக்கும் விஷயம் புரிந்திருக்கும்.

அப்போதுதான் என் பதினான்கு வயது மகள், "பாட்டிகூட நான் படுத்துக்கிறேன்" என்றாள். கணக்கை மாற்றிப் போட்டேன். அம்மாவும் பேத்தியும் இரண்டு பேர் அறை. நாங்கள் மூவர், அண்ணன் வீட்டார் மூவர், தம்பி வீட்டார் மூவர். நான்கு அறைகளுக்கு 9,500 வெள்ளி. முதற் கணக்கைவிட 500 குறைவு, இரண்டாவதைவிட 1,000 அதிகம். அந்த ஆயிரத்தை மூன்று வீட்டாரும் பிரித்துக்கொண்டோம். துறைமுகக் கட்டணமும் பணியாளர் சேவைக் கட்டணமும் இதற்கு மேல் தனியாக வரும். அவற்றைப் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். மூன்றாமவர், நான்காமவர் என்ற சலுகை அங்கே செல்லாது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்ட விலையை மட்டும் பார்த்து மயங்கியவர்களுக்கு இதில்தான் அதிர்ச்சி.

சிறுவர் மட்டும் தங்கும் அறையைக் கப்பல்காரர்கள் ஒப்புவதில்லை. அறைக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அந்தப் பெரியவருக்கு வயது 18 என்பார் ஒருவர், 21 என்பார் மற்றவர். கேட்டுக்கொள்வது நலம். எங்கள் ஏற்பாட்டில் அந்தச் சிக்கலும் இல்லை. பாட்டியைப் பேத்தி பார்த்துக்கொள்கிறாள், சட்டத்துக்குப் பாட்டிதான் பெரியவர்!

ஒரு வார்த்தையில் நாங்கள் ஏமாற இருந்தோம். "பக்கத்து அறை" என்று ஏஜண்டுகள் சொல்வது வெறும் அடுத்த கதவுதான். உள்ளுக்குள் இடைக்கதவு உள்ள அறைகள் வேறு. அவை எண்ணிக்கையில் குறைவு. அம்மாவின் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் இடைக்கதவு வேண்டும் என்று சொல்லி, கப்பலின் மாடி வரைபடத்தில் நம்பரைக் காட்டச் செய்து, அதே நம்பரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். வரைபடத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தலைக்கு மேலே நீச்சல் குளமோ, காலுக்குக் கீழே ஆட்டக் கூடமோ இருக்கும் அறையை மலிவு என்று வாங்கிவிடக் கூடாது. மேலும் கீழும் அறைகளே உள்ள மாடி அமைதியானது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ் மாடிகளில் ஆட்டம் குறைவு. முழங்கால் வலிக்காரருக்கு மின்தூக்கி அருகில் வேண்டும். சக்கர நாற்காலி கொண்டு போகிறவர்கள் அதற்கென்று அகலக் கதவு வைத்த அறையையே கேட்க வேண்டும். அவை ஒரு கப்பலில் மிகக் கொஞ்சமாகவே இருக்கும்.

பால்கனி அறையா, உள்ளறையா என்பதில் எங்கள் வீட்டில் சின்ன யுத்தமே நடந்தது. தம்பிக்குப் பால்கனி ஆசை. தவழ்ந்து முடித்து நடை பழகும் குழந்தையை வைத்துக்கொண்டு பால்கனியா என்று அவன் மனைவி கேட்டதும் அடங்கிவிட்டான். அம்மாவுக்கு மட்டும் சன்னல் அறை என்றும், அதோடு இடைக்கதவால் சேர்ந்த எங்களுக்கும் அதே வகை என்றும் முடிவு செய்தோம். மற்றவர்களுக்கு உள்ளறை. எல்லாருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்று நினைத்தால் பணம் கரையும். கூடத்திலும் தட்டிலும் எல்லாரும் ஒன்றாகத்தானே இருக்கப் போகிறோம்.

பெயர், தேதி, கடப்பிதழ்

அம்மாவின் பெயர் விவகாரத்தை மறக்க மாட்டேன். நம் கடப்பிதழில் "ஏ/எல்", "ஏ/பி" போட்டுத் தகப்பன் பெயரையும் சேர்த்து ஒரே வரியாக இருக்கும். கப்பல்காரர்களின் கணினியோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். சாய்ந்த கோட்டை ஏற்காது. ஒவ்வொரு ஏஜண்டும் தம் மனம்போல் பிரித்துப் போடுவார். இம்முறை பதினொரு பேருக்கும் ஒரே மாதிரி பிரிக்கச் சொல்லி, பட்டியலை வாங்கி, கடப்பிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். பரீட்சைத் தாள் திருத்திய பழக்கம் இதற்கு உதவியது. இரண்டு தப்பு கிடைத்தது. கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததே. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பெரியவர்கள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. பிரயாணப் பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் முன்பணம் கட்ட வேண்டும். குடும்பமே போய் அவர் ஒருவர் மட்டும் துறைமுகத்தில் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

சிங்கப்பூருக்குள் நுழையுமுன் நிரப்ப வேண்டிய வருகை அட்டையை, கப்பலில் திரும்பி வரும்போதும் மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. பதினொரு பேருக்கு இரண்டு தடவை! பெற்றோர் இல்லாமல் சித்தப்பாவோடோ தாத்தாவோடோ போகும் பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள்.

முதற் பயணத்தின்போது தம்பி மனைவி கர்ப்பமாக இருந்தாள். 24 வாரத்தை எட்டியவர்களைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றுவதில்லை. ஏறும் நாளை மட்டும் பார்க்காமல் இறங்கும் நாளையும் பார்த்து அந்த வாரத்தைக் கணக்கிட வேண்டும். அவளுக்கு அப்போது 22-வது வாரம். டாக்டர் கடிதத்தோடு போனோம். குழந்தைக்கும் ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நீண்ட கடற்பயணங்களுக்கு ஒரு வயது கேட்பார்கள்.

தேதி பிடிப்பதுதான் நம் மாநிலத்தாருக்குப் பல வருஷம் தலைவலியாக இருந்தது. ஜோகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. கிள்ளான் அண்ணனுக்குச் சனியும் ஞாயிறும். பள்ளி விடுமுறையின் தொடக்கமும் முடிவும் ஒரு நாள் முன்பின்னாக விழும். 2025 ஜனவரி 1 முதல் ஜோகூரும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியதால் அந்த இடைஞ்சல் நீங்கியது. விடுமுறைக் காலத்தில் விலை ஏறும் என்பது உண்மைதான். வாத்தியார் குடும்பத்துக்கு வேறு வழி ஏது?

பணத்தைப் பற்றியும் ஒன்று. பெரிய பேர் பெற்ற கம்பெனி என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் கட்டிவிடக் கூடாது. 2022 ஜனவரியில், ஸ்டார் குரூஸ் கப்பல்களை நடத்திய ஜென்டிங் ஹாங்காங் நிறுவனமே கடன் சுமையில் கலைப்புக்கு மனுச் செய்தது. முன்பணம், மீதி, திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதி ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கி, பயணக் காப்புறுதியும் எடுத்துக்கொள்ள வேண்டும். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் பில் வெளிநாட்டுப் பில்.

அம்மாவின் கதவு

2025 மார்ச் முதல் மின்சார ரயில் சிகாமட் வரை ஓடத் தொடங்கியிருந்ததால், அண்ணன் குடும்பம் முதல் நாள் மாலையே கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கிவிட்டது. விடியற்காலை நான்கு மணிக்கு வேன். பாலத்து நெரிசலை நம்பி யாரும் கடைசி நேரத்தில் கிளம்பக் கூடாது. சிங்கப்பூரில் கப்பல் துறை இரண்டு இருக்கின்றன. ஒன்று ஹார்பர்பிரண்டில் 1991 முதல் இருப்பது, மற்றது மரினா சவுத்தில் 2012-ல் திறந்தது. எது நம்முடையது என்று சீட்டைப் பார்க்காமல் போய், துறை மாறி வந்துவிட்டு மூட்டை முடிச்சோடு டாக்சி தேடிய ஒரு குடும்பத்தை அன்று பார்த்தோம்.

அறைக் கதவுகள் இரும்பு. காந்தம் ஒட்டும். இதைக் கண்டுபிடித்தவள் என் மகள். ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்த பத்துமலை முருகன் காந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். பாட்டியின் கதவில் அதை ஒட்டினாள். அறைத் திறப்பு அட்டையை ஒரு மஞ்சள் கயிற்றில் கோத்து அம்மாவின் கழுத்திலும் போட்டாள். நம்பர் நினைவிருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இரண்டாம் நாள் காலையில், பேச்சு மொழி தெரியாத ஒரு சீனப் பாட்டி அந்தப் படத்தை அடையாளம் வைத்துத் தன் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவருடையது இரண்டு கதவு தள்ளி.

இடைக்கதவை மூன்று இரவும் நாங்கள் சாத்தவில்லை. அதிகாலையில் அம்மா குளிக்கும் சத்தம் கேட்கும். பிறகு திருநீற்று வாசனை வரும். மூன்றாம் நாள் பொழுது புலரும் நேரத்தில் எழுந்து பார்த்தேன். தம்பியின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கீழே பேத்தி தரையில் போர்வை விரித்துப் படுத்திருந்தாள். அண்ணன் மகனும் எப்போது வந்தானோ, அவனும் அங்கேயே ஒரு மூலையில் சுருண்டு கிடந்தான். ஒதுக்கிய படுக்கைகளில் பாதி காலி. தலைக்கணக்கு தப்பாமல் பொழுது விடிந்ததும் அவரவர் அறைக்குத் துரத்திவிட்டேன்.

வேன் சிகாமட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது அம்மா மெதுவாகக் கேட்டார்: "அடுத்த தடவ அண்ணி வீட்டு ஆளுங்களையும் கூப்பிட்டா எத்தன பேரு வரும்?"

அண்ணியின் தாய், தகப்பன், தம்பி. மொத்தம் பதினான்கு. நோட்டுப் புத்தகத்தில் புதுக் கட்டம் போட்டிருக்கிறேன். சம்பந்தியம்மாளுக்குக் குறட்டை உண்டு என்று அண்ணி ரகசியமாகச் சொன்னதால் இன்னும் கணக்கு முடியவில்லை.